எக்கோவுக்குக் கைகள் இருந்தன

வியாழக்கிழமை மத்தியானம் கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்தின் துறைமுகத் தெருவில் எந்தச் சிப்பூரோ கடையிலும் உட்கார இடம் கிடைக்காது. சின்னப் புட்டியில் சாராயம் வரும், கூடவே ஒரு தட்டு வறுத்த நெத்திலி வரும். அடுத்த புட்டிக்குச் சுட்ட கணவாய். அதற்கடுத்த புட்டி வருவதற்குள் கடை முழுக்க ஒரே கூச்சல். ஒருத்தர் சொல்வது எதிரே இருப்பவருக்குக் கேட்காது, அதனால் அவரும் கத்துவார். இத்தனை இரைச்சலுக்கும் நடுவில் மூலை மேஜையில் மட்டும் பேச்சு தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது எங்கள் ஊர்க் காது கேளாதவர்களின் மேஜை. வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டும் அவர்கள் பேசலாம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் போகிறவனோடும் பேசலாம்.

அந்த மேஜையில் அசிமீனா வாயைத் திறந்தால், அதாவது கையைத் தூக்கினால், மற்றவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். வயது ஐம்பதுக்கு மேல். குள்ளமான உருவம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளையாகக் கொஞ்சம் பிளாஸ்டர் தூள் ஒட்டியிருக்கும். பல்செட் செய்வது அவள் தொழில். வோலோஸில் ஐம்பது வயதைத் தாண்டிச் சிரிப்பவர்களில் பாதிப் பேர் அவள் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று பெலகீயா சொல்வாள். பெலகீயா திரைச்சீலைக் கடையில் தையல்காரி, அசிமீனாவின் பள்ளித் தோழி. மிகைப்படுத்துவது அவளுக்குக் கைவந்த கலை.

அசிமீனா ஊருக்கு மேலே இருக்கும் பீலியோ மலையில் பிறந்தவள். அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். மூன்று வயதில் வந்த மூளைக் காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அம்மா அழுது முடித்ததும் காரியத்தில் இறங்கினாள். ஆப்பிளுக்கு ஒரு கையசைப்பு, மழைக்கு ஒன்று, ‘அப்பாவுக்கு இன்றைக்குக் கோபம், கிட்டே போகாதே’ என்பதற்கு ஒன்று. வீட்டில் நாற்பது ஐம்பது வார்த்தைகள் அப்படிச் சேர்ந்தன. கழுதைக்குக்கூட இரண்டு தெரியும் என்று அக்காமார்கள் கேலி செய்வார்கள்.

ஆறு வயதில் அவளைத் தலைநகரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் பாடமே கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுதான்.

அந்தப் பள்ளியில் குழந்தைகளைப் பேசவைத்தாக வேண்டும். கையை ஆட்டினால் நாக்கு சோம்பேறியாகிவிடும் என்று அப்போது பெரிய பெரிய படிப்பாளிகளே நம்பினார்கள். கலியோப்பி டீச்சர் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ என்பார். காகிதம் துடிக்கும். பிறகு அந்தத் துண்டைப் பிள்ளையின் வாய்க்கு முன்னால் பிடிப்பார். துடிக்கவில்லையென்றால் மறுபடி, அதன்பிறகும் மறுபடி. பிள்ளையின் கை தன்னையறியாமல் மேலே வந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். டீச்சர் அப்போது முப்பது வயதுக்காரி, நெட்டையாக, அழகாக இருப்பார். கலியோப்பி என்றால் இனிய குரல் என்று பொருள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் வேறு. இரண்டு விரலால் மறு கையின் முட்டியில் ஒரு தட்டு. ஸ்கேல்.

பேச வேண்டியதையெல்லாம் அவர்கள் துணி காயும் முற்றத்தில் பேசினார்கள். விரித்துப் போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்றால் மாடியிலிருந்து யாருக்கும் தெரியாது. நான்காம் வகுப்பில் எக்கோ கதை வந்த அன்று அந்த முற்றத்தில்தான் அசிமீனா பெலகீயாவைத் தேடிப் பிடித்தாள்.

எக்கோ, அதாவது எதிரொலி, மலையில் வாழ்ந்த ஒரு தேவதை, நன்றாகப் பேசக்கூடியவள். தேவர்களின் ராஜாவான ஜீயஸ் மற்ற பெண்களோடு சுற்றும்போதெல்லாம் அவள் ராணி ஹீராவிடம் கதை பேசி நேரத்தைக் கடத்துவாள். விஷயம் தெரிந்ததும் ஹீரா சபித்தாள்: இனி உனக்கென்று சொந்தப் பேச்சு கிடையாது, அடுத்தவர் சொல்லும் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு கிட. பிறகு அவள், தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிக் கிடந்த நார்சிஸஸ் என்கிற அழகன்மேல் ஆசைப்பட்டு உருகி, குரல் மட்டும் மிஞ்சிப் போனாள். டீச்சர் இந்தப் பாடத்தை வாசித்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் வகுப்பைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

போர்வைகளுக்கு நடுவே அசிமீனாவின் கை பறந்தது. "எனக்கு இவளைத் தெரியும்டி. இவ நம்ம ஸ்கூல்ல படிச்சவ."

பெலகீயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த பெஞ்ச்?"

"ஜன்னலோரம். என் பக்கத்துல."

பதினாறு வயதில் பள்ளியை விட்டு வந்தவளை வோலோஸில் ஒரு பல் லேபில் சேர்த்தார்கள். முதல் வாரமே அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. இளகின மெழுகின் மணம், பிளாஸ்டர் இறுகும்போது உள்ளங்கையில் தெரியும் சூடு, ஒரு பல்லை ஒரு நூலளவு திருப்பினால் ஒரு முகமே மாறிவிடுகிற விந்தை. பத்து வருடம் அடுத்தவர் வாயையே உற்றுப் பார்த்த பெண்ணுக்கு வாயைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது? முதலாளி சீசிஸ் தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவளிடம் பேசும்போது கத்துவார். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கத்துகிறார். அவர் கத்துவது அவளுக்குக் கேட்காது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரருக்கு மட்டும் லேபில் என்ன வேலை நடக்கிறது என்பது அத்துப்படி.

கணவன் த்ராசோஸுக்கும் காது கேட்காது. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். மற்ற மெக்கானிக்குகள் கேட்டுக் கண்டுபிடிப்பதை இவன் தொட்டுக் கண்டுபிடிப்பான். மீனவர்கள் வேறு யாரிடமும் போகமாட்டார்கள். ஒரே மகன் ஹாம்பர்கில் சமையல்காரனாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, கரண்டியும் கையுமாகப் பேசுவான். கரண்டியைப் பிடித்துக்கொண்டே சைகை காட்டினால் பாதி வார்த்தை தப்பாக வரும். அம்மா திட்டுவாள். குறையென்று சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.

ஐம்பத்து மூன்றாம் வயதில், ஈஸ்டர் முடிந்த வாரம், சீசிஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார். "கஷ்டமான கேஸு! ரெண்டு லேப் கைவிட்ட கேஸு!" என்று கத்தினார்.

உள்ளே பல்லில்லாத ஈறின் பிளாஸ்டர் அச்சு, ஒரு பழைய புகைப்படம், பல் டாக்டரம்மாவின் குறிப்பு. ‘ஓய்வுபெற்ற ஆசிரியை, தலைநகரத்திலிருந்து இங்கே குடிவந்தவர். வயது எழுபத்தொன்பது. ஏற்கெனவே செய்த இரண்டு செட்டிலும் "ஸ" சொன்னால் சீட்டி அடிக்கிறது. மிகவும் வருத்தப்படுகிறார், வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பழைய பல்வரிசை படத்தில் இருக்கிறது.’

படத்தில் இருந்த வாயை அசிமீனா ஒரு நொடியில் கண்டுகொண்டாள். இடது கோரைப்பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். ஒரு சாண் தூரத்தில், பத்து வருடம், தினமும் பார்த்த வாய். பெயரைப் படிக்கவே தேவையில்லை. இருந்தாலும் படித்தாள். கலியோப்பி ரீசு.

அன்றைக்கு மத்தியானம் பயறு சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு த்ராசோஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வேறு ஊர்ப் பள்ளியில் படித்தவன். ஆனால் ஸ்கேல் எல்லா ஊரிலும் இருந்தது.

"சீட்டி இன்னும் கொஞ்சம் சத்தமா வர்ற மாதிரி செஞ்சு குடு," என்றான்.

வியாழக்கிழமை மேஜையில் பெலகீயா இன்னும் ஒரு படி மேலே போனாள். "ரெண்டு பல்லைக் கோணலா வச்சுடுடீ. அவங்க வாயைத் திறந்தா தெரு நாயெல்லாம் ஓடி வரணும்." எழுந்து நின்று நாய்கள் நாலு பக்கமிருந்தும் பாய்ந்து வருவதை நடித்துக் காட்டினாள். மேஜையே குலுங்கியது. அசிமீனாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏன், செய்ய மாட்டியா?" என்று பெலகீயா கேட்டாள்.

"மனசு வந்தாலும் கை வராதுடி. கோணலா ஒரு பல்லை வச்சுட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாது."

அது பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. கோபம் இருந்தது. கோபத்தோடுதான் மெழுகை இளக்கினாள். ஆனால் அந்தக் கோரைப்பல் படத்தில் இருப்பதுபோல லேசாக ஏறி உட்காரும்வரை மூன்று முறை கழற்றி வைத்தாள்.

மெழுகில் பதித்த பல்வரிசையை நோயாளியின் வாயில் வைத்துச் சோதிக்கும் நாளில் தானும் கூட இருக்க வேண்டும் என்று டாக்டரம்மாவுக்கு எழுதி அனுப்பினாள். டாக்டரம்மா சந்தோஷமாகச் சம்மதித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவி சின்ன உருவமாக இருந்தார். அந்த நெட்டையெல்லாம் எங்கே போனது என்று அசிமீனாவுக்குத் திகைப்பாக இருந்தது. டீச்சருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ‘லேபிலிருந்து வந்திருக்காங்க, காது கேக்காது, ஆனா உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க’ என்று டாக்டரம்மா அறிமுகம் செய்தபோது டீச்சர் ஏதோ கேட்க வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். பல்லில்லாமல் பேச அவருக்கு வெட்கம்.

மெழுகுச் செட்டைப் பொருத்திவிட்டு அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொன்னார் டாக்டரம்மா. எங்கள் பாஷையில் அறுபதுகளில் ‘ஸ’ மூச்சுக்கு மூச்சு வரும். டீச்சர் எண்ணத் தொடங்கினார். டாக்டரம்மா முகத்தைச் சுளித்ததிலிருந்து சீட்டி இருக்கிறது என்று அசிமீனாவுக்குத் தெரிந்தது. எங்கே காற்று தப்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். மேஜையிலிருந்த மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து டீச்சரின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். வேலை மும்முரத்தில் செய்ததுதான், அவள் எதையும் யோசிக்கவில்லை.

டீச்சர் எண்ணுவதை நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

அசிமீனா தன் குரலை அதிகம் வெளியே எடுப்பதில்லை. டாக்ஸிக்காரனிடம் விலாசம் சொல்ல, த்ராசோஸின் அம்மாவை அழைக்க, அவ்வளவுதான். அன்றைக்கு எடுத்தாள். "அசிமீனா. பீலியோ மலை. ஜன்னலோர பெஞ்ச்."

 டீச்சர் சொன்னார்: "உன் ‘ர’ இன்னும் சரியா உருளல."

"உங்க ‘ஸ’ கூடத்தான் டீச்சர்."

டாக்டரம்மா பதறிப் போனார். ஆனால் கிழவியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆனது. மெழுகுச் செட் கீழே விழுந்துவிடுமோ என்று அசிமீனா கையை நீட்டினாள்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் அந்தக் கையைப் பார்த்துக் கேட்டார். "இந்தக் கையில நான் அடிச்சிருக்கேனா?"

"தினமும்."

"எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"எங்களுக்கும் நீங்க அதைத்தான் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர்."

 டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று அசிமீனாவும் எதிர்பார்க்கவில்லை. செட்டை வெளியே எடுத்து, மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் மெழுகை ஒரு மயிரிழை சுரண்டினாள். மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடி சுரண்டினாள். மூன்றாம் முறை காகிதம் நடுவில் மட்டும் துடித்தது, ஓரம் அசையவில்லை. டாக்டரம்மா கட்டைவிரலை உயர்த்தினார். டீச்சர் எழுபதில் நிற்காமல் எண்பது, தொண்ணூறு என்று போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தவே மனமில்லை.

வெளியே வந்து கடற்கரை நடைபாதையில் நடக்கும்போது அசிமீனாவின் கை தானாக அசைய ஆரம்பித்தது. அவள் கவிதை எழுதுகிறவள் இல்லை. காகிதத்தில் கிரேக்கம் எழுதினால் இலக்கணம் இடிக்கும், அவளுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தது காகிதத்துக்கு வந்தது அல்ல, கைக்கு வந்தது. இடது கையில் எக்கோ வந்து நின்றாள். மலைமேல் நின்று, அடுத்தவர் சொல்லைப் பிடித்துத் திருப்பி எறிந்துகொண்டிருந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் அவளை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

வியாழக்கிழமை மேஜையில் செய்து காட்டினாள். எல்லாருக்கும் பிடித்தது. பெலகீயா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ராணி இவளைப் போய் ஏன் தண்டிச்சா? தப்பு செஞ்சது அவ புருஷன். மாட்டினது வேலை செஞ்ச பொண்ணு. அதை நீ சொல்லவே இல்லையே."

"சரி, சேத்துக்கறேன்."

"அந்த அழகன் எங்க? நார்சிஸஸ்?"

"அவன் தண்ணியில முகம் பாத்துட்டிருக்கான். இருக்கட்டும், எதுக்குத் தொந்தரவு?"

"அப்ப இவ கடைசி வரைக்கும் தனியாவா இருப்பா?" பெலகீயா விடவில்லை. "இடது கைதான் வேலை செய்யுது. வலது கை சும்மா மடியில கிடக்கு. வலது கையில பிலோமிலாவை வைடி."

பிலோமிலாவை அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும். அக்கா புருஷன் அவளைக் கெடுத்துவிட்டு, வெளியே சொல்லாமலிருக்க நாக்கை அறுத்தான். அவள் நடந்ததையெல்லாம் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்பினாள். தையல்காரி பெலகீயாவுக்கு அவள்மேல் தனிப் பாசம்.

"நாக்கில்லாதவ ஒருத்தி, சொந்தப் பேச்சில்லாதவ ஒருத்தி. ஒரே மலையில ரெண்டு பேரும் சந்திச்சா என்ன பண்ணுவாங்க?" என்றாள் பெலகீயா.

அசிமீனா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பினாள். மேஜையில் யாரும் நெத்திலியைத் தொடவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் நகர நூலகத்தின் முற்றத்தில் கவிதை வாசிப்பு நடக்கும். அந்த வருடம் பழைய புராணங்களைப் புதிதாகச் சொல்வது என்று அறிவித்திருந்தார்கள். பெலகீயாதான் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நூலகத்து அம்மாளுக்கு ஒரே கவலை. "குரலுக்கு யாரைக் கூட்டிட்டு வருவாங்க?" என்று எழுதிக் கேட்டார். அசிமீனா பதில் எழுதினாள்: முதலில் குரல் இல்லாமல் ஒரு முறை. எல்லாரும் பார்க்கட்டும். புரியாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் உங்கள் கூட்டங்களில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குப் பிறகு நான் எழுதித் தரும் காகிதத்தைப் பார்த்து நீங்களே வாசியுங்கள்.

முடிந்த பல்செட்டை டீச்சருக்குக் கொடுக்கப் போனபோது அழைப்பிதழையும் கொடுத்தாள். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். புதுப் பல்லோடு பத்து வயது குறைந்தாற்போல் இருந்தார்.

"நான் வாசிக்கட்டுமா? என் உச்சரிப்பு இப்ப நல்லா இருக்கு. ‘ஸ’ எல்லாம் சுத்தமா வருது," என்று உதட்டை அகலத் திறந்து, பழைய வழக்கப்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

ஆசையாகத்தான் கேட்டார், அது தெரிந்தது. அசிமீனாவுக்கு ஒரு நொடி மனம் இளகியது. இருந்தாலும் இல்லையென்று தலையாட்டினாள். "வேண்டாம் டீச்சர். நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பாருங்க. உங்க வேலை அன்னைக்கு அவ்வளவுதான்."

டீச்சரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி," என்றார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் முற்றம் நிரம்பிவிட்டது. மேடைக்கு வந்த அசிமீனா கறுப்புச் சட்டை போட்டிருந்தாள், கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நகக்கண் பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரிந்தது. இடது கையைத் தூக்கினாள். முதல் நிமிடம் நாற்காலிகளில் நெளிவும் செருமலும் இருந்தன. பிறகு அது நின்றது. வலது கை மெல்ல மடியை விட்டு எழுந்து, பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது கூட்டம் முழுவதும் முன்னால் சாய்ந்ததை அவள் கண்டாள். நாக்கில் ஒரு தித்திப்பு ஊறினாற்போல இருந்தது. இத்தனை காது கேட்கிறவர்கள் ஒரே நேரத்தில் தன் கையைப் பார்ப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

முடிந்ததும் நூலகத்து அம்மாள் வாசித்தார்.

எல்லோரும் என் குரலைக் கேட்டார்கள்.
மலை கேட்டது, ஆடு மேய்ப்பவன் கேட்டான்,
குளத்தில் முகம் பார்த்தவனும் கேட்டான்.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

தப்பு ராஜாவுடையது, தண்டனை என்னுடையது.
கடைசிச் சொல் மட்டும் உனக்கு என்றாள் ராணி.
அவளுக்கு வாய் மட்டும்தான் தெரியும்.
கைகளைச் சபிக்க மறந்துபோனாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி
நூலோடு உட்கார்ந்திருந்தாள், நாக்கில்லாதவள்.
அவள் விரல் கேட்டது: பசிக்கிறதா?
என் விரல் சொன்னது: ரொம்ப நாளாக.

அதுதான் என் முதல் சொல்.
யாரும் எனக்கு முன்னால் சொல்லாத சொல்.
நாங்கள் பேசினோம், ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.
மேய்ப்பவன் ஊருக்குப் போய்ச் சொன்னான்:
அந்த மலையில் இப்போது சத்தமே இல்லை.

மூலையில் வியாழக்கிழமை மேஜைக்காரர்கள் மொத்தமாக எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். அது அவர்களின் கைதட்டல். மற்றவர்கள் வழக்கப்படி தட்ட ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்து, ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கடைசி வரிசையில் சீசிஸ் எழுந்து, "நல்லா இருந்துச்சு! ரொம்ப நல்லா இருந்துச்சு!" என்று கத்தியதைப் பெலகீயா உதட்டிலிருந்து படித்து அசிமீனாவுக்குச் சொன்னாள். த்ராசோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

டீச்சர் மெதுவாக நடந்து வந்தார். கையில் கவிதை அச்சிட்ட காகிதம். அதில் சிவப்புப் பேனாவால் நான்கு இடங்களில் திருத்தம். "இங்க கால்புள்ளி வரணும். இந்தச் சொல்லுக்கு எழுத்து தப்பு," என்றார்.

அசிமீனா வாங்கிப் பார்த்தாள். நான்கில் மூன்று நியாயமான திருத்தங்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாலாவது தப்பில்ல டீச்சர். அது வேணும்னே அப்படி வச்சது."

"அப்படியா?" டீச்சர் யோசித்தார். பிறகு தயங்கிக் கேட்டார். "கடைசியில ரெண்டு கையையும் இப்படி வச்சியே. அது என்ன வார்த்தை?"

"அதுக்கு வார்த்தை இல்ல டீச்சர்."

டீச்சர் அதைப் புரிந்துகொண்டாரா இல்லையா என்பது அசிமீனாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செட் லேசாகத் தளர்கிறது என்று லேபுக்கு வருகிறார். சில சமயம் தளர்ந்திருப்பதில்லை. அப்போதும் காபி குடித்துவிட்டுத்தான் போகிறார். ஸ்கேலைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. தனக்குள் முட்டி வலித்து நின்ற அந்தச் சின்னப் பிள்ளையை அசிமீனா மறக்கவுமில்லை, அந்தப் பிள்ளை அடிக்கடி அழைத்துத் தொந்தரவு செய்வதுமில்லை.

அந்த வருடத்துக்குப் பிறகு வியாழக்கிழமை மேஜை கவிதை மேஜையாகிவிட்டது. பக்கத்து ஊர்களான லாரிஸாவிலும் கார்டிட்ஸாவிலும் கூப்பிட்டார்கள். வாடகை வேனில் எட்டுப் பேர் போய் வந்தார்கள். கார்டிட்ஸாவில் பெலகீயாவும் மேடை ஏறினாள். புராணத்தில் நொண்டிக் கொல்லனான ஹெஃபைஸ்டஸுக்குக் கைத்தாங்கலாக நடக்கத் தங்கத்தால் செய்த பணிப்பெண்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருத்தி ஒரு நாள் லீவு கேட்கிறாள், அதுதான் அவள் கவிதை. முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி முடிந்ததும் வந்து சண்டை பிடித்தாள். "லீவு குடுக்கறது சரிம்மா. அன்னைக்கு அவன் எப்படி நடப்பான்? அதையும் எழுது." வேனில் திரும்பும்போது வழியெல்லாம் அதே விவாதம். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பறக்கும் கைகளைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினார். கடைசியில் பெலகீயா கொல்லனுக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரு பேச்சுவார்த்தை வைத்தாள். கவிதை இரண்டு மடங்கு நீண்டது, நன்றாகவும் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை த்ராசோஸ் பழுது பார்த்த ஒரு படகைச் சோதித்துப் பார்க்க இருவரும் வளைகுடாவுக்குள் போனார்கள். நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டான். அசிமீனாவின் கையில் புதிதாக ஒருத்தி இருந்தாள், பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போன பெர்செஃபனி. எழுந்து நின்று, பூமி பிளப்பதை இரண்டு தோளாலும் செய்து பார்த்தாள். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. வாளியிலிருந்த தண்ணீர் அவன் செருப்பை நனைத்தது.

"மீனெல்லாம் ஓடிப்போச்சு," என்றான் த்ராசோஸ். "உக்காந்து சொல்லேன்."

"உக்காந்து சொல்ற கவிதையில்ல இது."

அவன் தூண்டிலைச் சுருட்டி வைத்தான். படகின் இரண்டு விளிம்பையும் இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி, முதல்ல இருந்து," என்று தலையை அசைத்தான்.